நடுவிலிருந்து எட்டுச் சொற்கள்

அந்த அக்கா எந்தக் கட்டுரையையும் முதல் வரியிலிருந்து வாசிக்கமாட்டார். கட்டுரை கைக்கு வந்ததும் நேரே நடுப்பகுதிக்குப் போவார். அங்கே ஒரு வசனத்தைப் பிடித்து, அதில் அடுத்தடுத்து வரும் எட்டுச் சொற்களை விரலால் எண்ணி, கணினியில் அப்படியே தட்டி, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தேடுவார். ஒன்றும் அகப்படாவிட்டால் இன்னும் இரண்டு இடத்தில் எட்டு எட்டாக எடுப்பார். அதற்குப் பிறகுதான் தலைப்பைப் பார்ப்பார்.

"களவெடுக்கிற ஆள் முதல் பந்தியை மாத்தும், கடைசிப் பந்தியை மாத்தும். நடுவுக்கு வரேக்கை களைச்சுப் போகும், அண்ணை" என்பார்.

நாங்கள் மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். இருபத்துநான்கு பக்கம், இலவசம். தமிழ்க் கடை வாசல்களிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் அடுக்கி வைப்போம். பத்திரிகைக் குழுவின் தலைவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, இரண்டு கணினி. அதுதான் எங்கள் அலுவலகம். நான் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வேலை முடிந்து மெட்ரோ எடுத்து வந்து பக்கங்களை வடிவமைப்பேன். வருகிற கட்டுரைகளில் எது போடலாம், எது போடக்கூடாது என்று தீர்மானிப்பது அக்கா. பகலில் அவருக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. இரத்தக் குப்பியில் ஒட்டியிருக்கும் பெயரும் கூட வருகிற தாளில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து உள்ளே அனுப்புவது.

உண்மையில் அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணை என்பார். புதிதாக வருபவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

சந்தேகம் அவருக்கு மூச்சு மாதிரி. போனில் வெய்யில் என்று காட்டினாலும் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். பால் வாங்கினால் பின்வரிசையில் கை விட்டுத்தான் எடுப்பார். யாராவது அவருடைய சேலை வடிவாக இருக்கிறது என்று சொன்னால், "ஏன் கேக்கிறியள்?" என்பார். அவர்கள் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஒருமுறை ஊரில் நல்ல மதிப்புள்ள ஒருவர் நீரிழிவைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். எங்கே தேடியும் அது வேறு இடத்தில் இல்லை. நான் பக்கத்தில் போட ஆயத்தமாகிவிட்டேன். அக்கா திரையில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"'காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் வரையப்படும்.' என்னத்தாலை வரையிறது அண்ணை? பென்சிலாலையோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டுரையில் இரண்டு பந்தியை எடுத்து, இலவசமாக மொழிபெயர்த்துத் தருகிற தளம் ஒன்றில் போட்டு ஆங்கிலத்துக்குத் திருப்பினார். திருப்பியதிலிருந்து நான்கைந்து சொற்களை எடுத்துத் தேடினார். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுக்கிற துண்டுப் பிரசுரம் வந்து விழுந்தது. ஒரு வரி விடாமல் அதேதான். ஆங்கிலத்தில் இரத்தம் எடுப்பதற்கும் படம் வரைவதற்கும் ஒரே சொல்.

இப்படி அவர் சொந்தமாகக் கண்டுபிடித்து வைத்திருந்த வழிகள் பல. எதற்கும் ஒரு சதம் செலவில்லை. நகல் பார்க்கிற இலவசத் தளங்களை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. "தமிழெண்டா உதுகளுக்குக் கண் தெரியாது. நாங்கள் குடுக்கிறதை உள்ளுக்கை வைச்சிருக்குமோ ஆருக்குத் தெரியும்" என்று, தேவைப்பட்டால் ஒரே ஒரு பந்தியை மட்டும் கொடுப்பார். பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் எழுத்துரு வேறு. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அக்கா தன் எட்டுச் சொற்களை எழுத்துரு மாற்றியில் போட்டு அந்தக் குவியலாக்கி, குவியலையே தேடுவார். கடைசியாக, கட்டுரையை வாய்விட்டு வாசிப்பார். எழுதியவரின் குரல் நடுவில் எங்கேயாவது மாறுகிறதா என்று காதால் பார்ப்பது அது.

நானும் ஒருநாள் அகப்பட்டேன். சென் லோரன்ஸ் ஆறு உறைவதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அதில் ஐந்து வரி நான் எழுதியதில்லை. ஒரு கலைக்களஞ்சியத் தளத்தில் இருந்ததைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிப் போட்டிருந்தேன். அக்கா அந்த ஐந்து வரியை மஞ்சள் நிறமாக்கி எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஆறு வருடம், நான் எழுதிய ஒவ்வொரு பத்தியையும், பிறந்தநாள் வாழ்த்து உட்பட, எனக்கு முன்னாலேயே இருந்து தேடிப் பார்த்தார். எனக்கு அது உள்ளுக்குள் குத்தும். ஒருநாளும் நான் சொல்லவில்லை.

அகப்பட்டவர்களின் பெயர்களை அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதில் பெயர் விழுந்தால் பிறகு அவர்களுடைய எழுத்து எங்கள் பத்திரிகையில் வராது. என்னுடைய பெயரும் அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சாந்தினியின் கட்டுரை வந்தது ஒரு பெப்ரவரியில். அவரை எங்களுக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்க்கிற வேலை. அவருடைய கணவர் ரவீந்திரனைத்தான் எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தில் எந்த விழா என்றாலும் ஒலிவாங்கி அவர் கையில் இருக்கும்.

கட்டுரையின் பெயர் 'சலவை அறை'. இந்த நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பெண் இருந்த வீட்டில் வெப்பம் வேலை செய்யவில்லை. கணவன் காலையில் வேலைக்குப் போனதும் அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் நிலவறையில் இருந்த சலவை அறைக்குப் போய்விடுவாள். யாராவது உடுப்புக் காயவைத்தால் இயந்திரத்தின் சூட்டில் இருக்கலாம். யாரும் வராவிட்டால் தன் ஒரே துவாயை நனைத்துப் போட்டுத் தானே இயக்குவாள். அந்த இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் குழந்தை முதன்முதல் சிரித்ததோடு கட்டுரை முடியும். நான் வாசித்து முடித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பிப் போனேன். எங்கள் பத்திரிகைக்கு அப்படி ஒன்று வருவதில்லை.

"நல்லாயிருக்குது" என்றார் அக்கா. "அதுதான் யோசிக்கிறன்."

சாதாரணமாகத் தேடியபோது ஒன்றும் வரவில்லை. எழுத்துருவை மாற்றித் தேடியபோது வந்தது. எப்போதோ நின்றுபோன ஓர் இலக்கியத் தளத்தின் பழைய பக்கம். பதினான்கு வருடத்துக்கு முந்தியது. தலைப்பு அதே 'சலவை அறை'. எழுதியவர் பெயர் ஏதோ ஓர் ஆணின் புனைபெயர். அக்கா உடனே சாந்தினிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உங்கடை கட்டுரை வேறை இடத்திலை கிடக்குது. வேறை ஆற்றையோ பேரிலை."

மறுபக்கத்தில் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்துவது மட்டும் கேட்டது. பிறகு சாந்தினி, "அப்ப போடாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஏன் எண்டும் கேக்கேல்லை, எங்கை எண்டும் கேக்கேல்லை" என்று அக்கா கொப்பியை எடுத்துப் பெயரை எழுதினார். கடைக்குள் போய்த் தலைவரிடமும் சொன்னார். அதுதான் பிழை. தலைவரிடம் சொன்னால் அது கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்ன மாதிரி. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சாந்தினி பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒருவர், "இவவோ, அந்தக் கட்டுரைக்காரி" என்று கேட்கும்படியாகவே சொன்னாராம். சாந்தினி வரிசையிலிருந்து விலகிப் போய்விட்டாராம்.

இரண்டாவது சனிக்கிழமை ரவீந்திரன் கடைக்குப் பின்னால் வந்தார். கையில் ஒரு பெட்டி கேக்.

"தங்கச்சி, அது என்ரை கட்டுரைதான். கனகாலத்துக்கு முந்திப் புனைபேரிலை எழுதினது. மனிசி என்ரை பழைய பைலுக்குள்ளை கிடந்ததை எடுத்து அனுப்பிப்போட்டா. அவவுக்கு உந்த எழுத்து விசயமெல்லாம் தெரியாது பாருங்கோ. பெரிசுபடுத்தாதேங்கோ."

நன்றாகக் கதைத்தார். எங்கள் பத்திரிகையைப் பாராட்டினார். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று நான் சொன்னேன்.

அக்கா கேக் பெட்டியைத் திறக்கவில்லை. "ஆள் கோவிக்கேல்லை, அண்ணை."

"அவற்றை மனிசிதானே."

"என்ரை எழுத்தை என்ரை தாய் எடுத்தாலும் நான் கோவிப்பன். இவர் கேக் கொண்டுவாறார்."

பழைய பக்கத்தின் எழுத்துருவை மாற்றி ஒரு கோப்பாக்கினார். சாந்தினி அனுப்பியது இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டுகிற வசதியில் போட்டார். தமிழில் 'நான்' என்று எழுதினால் எழுதுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. வந்தேன், இருந்தேன், அழுதேன் எல்லாம் இருவருக்கும் ஒன்று. அதனால் மூன்று இடத்தில்தான் சிவப்பு விழுந்தது. ஒன்றில் 'கணவர் வேலைக்குப் போய்விட்டார்', மற்றதில் 'மனைவி வேலைக்குப் போய்விட்டாள்'. ஒன்றில் 'பால் கொடுத்தேன்', மற்றதில் 'பால் போத்தலைக் கொடுத்தேன்'. மூன்றாவது, அயல்வீட்டுப் பெண் கூப்பிடுகிற விதம்: ஒன்றில் 'தங்கச்சி', மற்றதில் 'தம்பி'.

"இதிலையிருந்து அதுவோ, அதிலையிருந்து இதுவோ, ஆர் சொல்லுறது" என்றேன்.

அக்கா ரவீந்திரனுடைய பிரதியை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். கால்வாசி தாண்டியிருக்கும். 'குழந்தையின் போர்வை நழுவியது. கழுத்தில் கிடந்த சேப்டி பின்னைக் கழற்றிச் சேர்த்துக் குத்தினேன்' என்ற இடத்தில் நின்றார். அவருடைய கை தானாகக் கழுத்துக்குப் போனது. சுவெற்றருக்குள் இருந்து சங்கிலியை வெளியே எடுத்தார். அதில் இரண்டு சேப்டி பின் தொங்கின.

"அண்ணை, நீங்கள் கழுத்திலை பின் கொளுவுறனீங்களோ?"

"இல்லை."

"எந்த ஆம்பிளையாவது கொளுவிப் பாத்திருக்கிறியளோ?"

எனக்கு இன்னும் சமாதானமில்லை. "கதைதானே அக்கா. ஆம்பிளை பொம்பிளையா நினைச்சும் எழுதலாம்."

"எழுதலாம். ஆனா இதிலை எழுதினவர் தன்னை ஆம்பிளை எண்டெல்லோ சொல்லுறார். போத்தில் குடுக்கிறார். மனிசி வேலைக்குப் போறா. பின் மட்டும் கழுத்திலை கிடக்குது." திரும்பவும் அந்த வரியைப் பார்த்தார். "மூண்டு இடம் மாத்தினவர். இதை மாத்த அவருக்குத் தெரியேல்லை. அங்கை பின் கிடக்கிறதே அவருக்குத் தெரியாது."

அடுத்த வாரம் இரண்டு பேரும் மொன்ட்ரியால்-நோருக்குப் போனோம். மெட்ரோவில் இருந்து இறங்கி பஸ். பனி கரைந்து தெருவோரம் கறுப்புச் சேறாகக் கிடந்தது. சாந்தினி ஏப்ரனுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கார்டெரியின் வாசலுக்கு வந்தார். எங்களைக் கண்டதும் முகம் இறுகியது.

"பத்து நிமிசம்தான் இருக்குது."

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அதை ஆர் எழுதினது?"

"நான்தான். அந்த வருசம் கொப்பியிலை எழுதி வைச்சனான். எனக்கு அப்ப கொம்பியூட்டரிலை தமிழ் அடிக்கத் தெரியாது. அவர் அடிச்சுத் தாறன் எண்டவர். அடிச்சவர். பேந்து பாத்தா அவற்றை புனைபேர்."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். மனிசியையும் பிள்ளையையும் குளிருக்கை விட்டிட்டுப் போனவன் எண்டு சனம் தன்னைச் சொல்லும் எண்டார். அதாலைதான் மாத்தினதாம். பகிடி மாதிரித்தான் சொன்னவர்." சாந்தினி தெருவைப் பார்த்தார். "அந்தக் கட்டுரைக்கு அவருக்குப் பொன்னாடை போத்தினவை. நான் முன்வரிசையிலை இருந்து கை தட்டினனான்."

"கொப்பி இருக்குதோ?"

"வீடு மாறேக்கை எறிஞ்சாச்சு."

"அப்ப இப்ப எப்பிடி எழுதினியள்?"

"அவற்றை பேரிலை வந்ததைப் பாத்துத்தான். மூண்டு இடத்தை மட்டும் நான் முந்தி எழுதினபடி மாத்தினன்."

"அப்ப பாத்து எழுதினியள்."

"ஓம். என்ரையைத்தான் பாத்து எழுதினன்."

உள்ளே ஒரு குழந்தை அழுதது. சாந்தினி திரும்பிப் பார்த்தார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்தார். எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று விளங்கியது. தடுத்திருக்கலாம்.

"ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. எதைப்பற்றி எண்டாலும் பரவாயில்லை. நான் ரண்டையும் வைச்சுப் பாக்கிறன்."

சாந்தினி அந்தத் தாளை வாங்கவில்லை. கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

"நான் உங்களுக்குச் சோதினை எழுத வரேல்லை அக்கா. பதினாலு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனான். என்ரை மகள் போன மாசம் கேட்டவள், அப்பா மாதிரி நீங்கள் ஒண்டும் எழுதேல்லையோ அம்மா எண்டு. அதுக்குத்தான் அனுப்பினனான். நீங்கள் ஊருக்கெல்லாம் கள்ளி எண்டு சொன்னியள். இப்ப தாளோடை வந்து நிக்கிறியள்."

கதவு மூடிக்கொண்டது.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு இரண்டு தரிப்பு இருக்கும்போது, "அவ எழுதித் தந்திருந்தாலும் அதையும் தேடிப் பாத்திருப்பன் அண்ணை" என்றார். அவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் கழித்து சாந்தினியே தொலைபேசி எடுத்தார். "போடுறதெண்டா என்ரை பேரிலை போடுங்கோ. எனக்குச் சாட்சி ஒண்டும் இல்லை. நடக்கிறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

அந்த மாதம் பதினோராம் பக்கத்தில் 'சலவை அறை' வந்தது. கீழே அக்கா ஒரு சிறிய பெட்டி போடச் சொன்னார். அதன் வாசகத்தை அவரே தட்டினார்: 'இக்கட்டுரை முன்னர் வேறொரு பெயரில் வெளியாகியிருந்தது. எழுதியவர் இவரே. இவர்மீது நான் சந்தேகப்பட்டதும் அதைப் பிறரிடம் சொன்னதும் என் தவறு.' தன் பெயரை முழுதாகப் போட்டார். எங்கள் பத்திரிகையில் அதற்கு முன் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. திகதி பிழைத்தால்கூடக் கேட்கமாட்டோம்.

"சாட்சி இல்லாமல் போடுறியள்" என்றேன்.

"ஓம்."

"பிழைச்சுப்போனா?"

"பிழைச்சா பழி எனக்கு. பிழைக்காட்டி பேர் அவவுக்கு." பெட்டியின் ஓரத்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பத்திரிகை கடைகளுக்குப் போன நான்காம் நாள் கூட்டம் கூடியது. அரிசி மூட்டைகளில் ஆறு பேர் இருந்தோம். ரவீந்திரனும் வந்திருந்தார். இந்த முறை கேக் இல்லை. மறுப்பு வரவேண்டும், பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை விநியோகிக்க வேண்டும் என்றார். குரல் உயரவில்லை. ஆனால் பேனையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

தலைவர், "குடும்பப் பிரச்சினைக்கை எங்கடை பேப்பரை இழுத்துப்போட்டியள், தங்கச்சி. என்ன ஆதாரம்?" என்றார்.

அக்கா தன் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். "அவர் எழுதினதெண்டா, அந்தச் சேப்டி பின் ஆற்றை கழுத்திலை கிடந்தது எண்டு சொல்லட்டும்."

ரவீந்திரனுக்கு எந்தப் பின் என்று விளங்கவில்லை. அது அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. "என்ன பின்?" என்றார். தலைவரைப் பார்த்தார். பிறகு, "கதையெண்டா ஆயிரம் விசயம் இருக்கும். பதினாலு வருசத்துக்கு முந்தி எழுதினது. உதெல்லாம் ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது" என்றார்.

"எழுதின ஆள்" என்றார் அக்கா.

ஒருவர் இருமினார். தலைவர் ஒவ்வொருவராக அபிப்பிராயம் கேட்டார். என் முறை வந்தபோது நான் கணினித் திரையைப் பார்த்தேன். ஒப்பிட்ட இரண்டு கோப்பும் அதில்தான் இருந்தன. திறந்து காட்டியிருக்கலாம். வாசித்தும் காட்டியிருக்கலாம். "எனக்கு வடிவாத் தெரியாது" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுப்பு வரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து கட்டுரைகளைப் பார்க்க வேறு ஒருவரை நியமித்தார்கள். அக்கா அங்கேயே கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு, கொப்பியை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கடைக்குள்ளால் போகாமல் பின்வாசலால் போனார்.

நானும் பத்திரிகையில்தான் இருந்தேன். புதிதாக வந்தவர் ஒன்றையும் தேடிப் பார்ப்பதில்லை. எனக்கு வேலை இலகுவாயிற்று. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

சாந்தினியை நான் திரும்பக் கண்டது மறு வருடம், லொங்குய் மெட்ரோவில். பக்கத்தில் அவரைவிட உயர்ந்த மகள். கட்டுரை அச்சில் வந்த அந்த வசந்தகாலத்திலேயே இருவரும் லொங்குய்யில் இருக்கிற தமக்கையின் வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். ரவீந்திரனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அக்கா சுகமோ?" என்று கேட்டார்.

சுகம் என்றேன். எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

"பேப்பரிலை மன்னிப்புக் கேட்டவ. நேரிலை கேக்கேல்லை. நேரிலை கேட்டிருந்தா நான் அழுதிருப்பன். கேக்காததும் நல்லதுதான்" என்றார். ரயில் வந்தது. ஏறுவதற்கு முன், "ஒண்டு எழுதி வைச்சிருக்கிறன். உங்களுக்கு அனுப்பிவிடுறன்" என்றார்.

இரண்டு நாளில் அனுப்பினார். மஞ்சள் வழி ரயில் ஆற்றுக்குக் கீழே போகும்போது அவருடைய மகள் சின்ன வயதிலிருந்தே பேச்சை நிறுத்திவிடுவாளாம். மேலே தண்ணீர் இருக்கும்வரை வாய் திறக்கமாட்டாள். அடுத்த நிலையத்தில் நிறுத்திய இடத்திலிருந்தே கதையைத் தொடருவாள். கணவனின் வீட்டை விட்டு இருவரும் வந்த நாளும் அப்படித்தான், மகள் பேசவில்லை; அன்று மட்டும் மறுகரை வந்த பிறகும் பேசவில்லை. இரண்டரைப் பக்கம். வாசித்து முடித்தபோது எனக்குச் சந்தேகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. சலவை அறையை எழுதிய அதே ஆள். வசனத்தை முடிக்கிற விதம், வலிக்கிற இடத்தில் சின்னப் பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டு நகர்கிற விதம், எல்லாம் அதுதான்.

அதை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஆறாம் மாடி. கதவுத் துளையால் பார்த்து, யாரென்று கேட்டு, பிறகுதான் திறந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக வாசித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்து, மூலைகளை நேராக்கினார்.

"நல்லாயிருக்குது. அவவுக்குச் சொல்லுங்கோ."

"நீங்களே சொல்லலாமே."

அக்கா என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, அண்டைக்குக் கூட்டத்திலை நான் சொன்னதை நீங்கள் நம்பினனீங்களோ?"

உண்மை என்னவென்றால் நான் நம்பவில்லை. ஒரு பின்னை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கள்ளன் என்கிறாரே என்றுதான் அன்று நினைத்தேன். நம்பியது இந்த இரண்டரைப் பக்கத்தை வாசித்த பிறகு.

"நம்பினன் அக்கா" என்றேன்.

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு கட்டுரையைப் பார்ப்பதுபோல, எங்கே குரல் மாறுகிறது என்று.

"அப்ப ஏன் கதைக்கேல்லை?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். நான் கோட்டைப் போட்டேன். வாசல்வரை வந்து, "கவனமாப் போங்கோ, கீழை சறுக்கும்" என்றார்.

கதவு மூடியது. பூட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகு, நான் லிஃப்டுக்குப் போவதற்கு முன்னாலேயே, உள்ளே கதவுச் சங்கிலியைக் கொளுவுகிற சத்தமும் கேட்டது.